கவிழ்ந்து கிடப்பது எந்தப் பெட்டி, எந்த எஞ்சின்?

2023 ஜூன் 2, மாலை ஏழு மணி ஆகப்போகிற நேரம். ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹனகா பஜார் நிலையம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்த்தடத்தில் போவதற்குப் பதிலாக நிலையத்தின் பக்கத் தடமான லூப் லைனுக்குள் திரும்பியது. வேகம் மணிக்கு 128 கி.மீ. லூப் லைனில் இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மோதிய வேகத்தில் எஞ்சின் சரக்கு வண்டியின் மேலேயே ஏறிவிட்டது. சிதறிய பெட்டிகள் பக்கத்துத் தடத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டிகளில் இடித்தன. 290 பேருக்கு மேல் இறந்தார்கள்.

செய்திகளில் 'கோரமண்டல்' என்ற ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. விபத்தை விசாரிக்கிறவருக்கு அது போதாது. மூன்று ரயில்களின் வண்டிகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும்போது அவர் முதலில் கேட்பது 'இது எது?' என்பதைத்தான். இந்த எஞ்சின் எந்தப் பராமரிப்புக் கூடத்தை, அதாவது ஷெட்டைச் சேர்ந்தது, இந்தப் பெட்டி என்றைக்குச் செய்தது, கடைசியாக எந்தப் பணிமனையில் பழுது பார்த்தார்கள், ரயிலில் எத்தனையாவதாக நின்றது? இதற்கெல்லாம் பதில் நம் டிக்கெட்டில் இருக்கும் எண்களில் கிடையாது.

டிக்கெட்டில் 12841 என்று இருக்கும். அது ஓட்டத்தின் எண், வண்டியின் எண் அல்ல. ஷாலிமாரிலிருந்து கிளம்பி சென்னை வரும் ஓட்டம் 12841, திரும்பிப் போவது 12842. முதல் நாள் கிளம்பியது இன்னும் சென்னை வந்து சேராத நிலையில் அடுத்த நாளுக்குரியது கிளம்பிவிடும். ஆகவே ஒரே பெயரில் பல ரேக்குகள் (பெட்டித் தொகுப்புகள்) மாறி மாறி ஓடுகின்றன. 2009 பிப்ரவரியிலும் ஒடிசாவில் ஜாஜ்பூர் அருகே கோரமண்டல் தடம்புரண்டது. அப்போது அதன் எண் 2841. ஐந்து இலக்க எண்கள் 2010 டிசம்பரில்தான் வந்தன. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு விபத்துகளிலும் சிக்கிய இரும்பு ஒன்றாகிவிடாது.

பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கும் எஸ்-4, பி-2 போன்றவையும் அப்படித்தான். அது அன்றைய பயணத்துக்கு மாட்டிய அடையாளம். இன்று எஸ்-4 ஆக இருக்கும் பெட்டி பராமரிப்புக்குப் போய் வந்து அடுத்த வாரம் எஸ்-7 ஆக நிற்கலாம். முன்பதிவுப் பட்டியல் எஸ்-4 என்று பேசும், பணிமனைப் பதிவேடு வேறு எண்ணைப் பேசும். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் களத்தில் நடக்கும் வேலையின் பாதி.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. கோரமண்டலை இழுத்தது டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின் எஞ்சின். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் மாறுதிசை மின்சாரம், பி என்றால் பயணிகள் ரயிலுக்கானது. 7 அந்த வரிசையில் வடிவமைப்பின் எண். 6,350 குதிரைத்திறன், 123 டன் எடை, ஆறு அச்சுகள். டீசல் எஞ்சினில் ஏ இருக்கும் இடத்தில் டி வரும், சரக்கு எஞ்சினில் பி இருக்கும் இடத்தில் ஜி வரும். வகை தெரிந்தபின் தனி எண். டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின்களுக்கு 30201இல் தொடங்கி ஐந்து இலக்க எண்கள் போட்டார்கள். எண்ணோடு ஷெட்டின் பெயரும் உடம்பில் எழுதியிருக்கும். ராயபுரம் என்றோ ஈரோடு என்றோ எழுதிய எஞ்சினை வடக்கே எங்கோ ஒரு நிலையத்தில் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் ரயில் ரசிகர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. விசாரணைக்கு ஷெட்டின் பெயர் வேறு வகையில் தேவை: அந்த எஞ்சினின் பிரேக், சக்கரம், மோட்டார் பற்றிய முழு வரலாறும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது.

பயணிகள் பெட்டியின் நிரந்தர எண் பக்கவாட்டில் எழுதியிருக்கும். பழகிய வடிவத்தில் அது ஐந்து இலக்கம். உதாரணத்துக்கு நானே ஒன்றைப் போடுகிறேன்: எஸ்.ஆர். 15213. எஸ்.ஆர். என்பது தெற்கு ரயில்வே. 15 என்றால் 2015இல் செய்த பெட்டி. கடைசி மூன்று இலக்கங்கள் வரிசை எண்ணோடு வகையையும் சொல்கின்றன: 201 முதல் 400 வரை படுக்கை வசதிப் பெட்டி, 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏ.சி., 401 முதல் 600 வரை பொதுப் பெட்டி. எனவே 213 ஒரு ஸ்லீப்பர். பெட்டிகள் பெருகியதால் இப்போது ஆறு இலக்க எண்களும் வந்துவிட்டன. பெட்டியின் முனைச் சுவர் பக்கம் போனால் இன்னும் விசேஷம். கடைசியாக முழுப் பராமரிப்பு செய்த பணிமனையும் தேதியும், திரும்ப எப்போது வர வேண்டும் என்ற தேதியும் அங்கே எழுதியிருக்கும். அடுத்த முறை பிளாட்பாரத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எட்டிப் பாருங்கள், கிளம்பாத வண்டியாக இருந்தால் மட்டும்.

ஆனால் விபத்தில் முதலில் நசுங்குவதே முனைச் சுவர்தான். எண் உரிந்து போயிருக்கும், அல்லது எண் இருக்கும் பக்கம் மண்ணில் புதைந்திருக்கும். அப்போது உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

இந்திய ரயில்களில் இன்று பெரும்பாலும் இரண்டு வடிவமைப்புகள். ஒன்று சென்னை பெரம்பூர் தொழிற்சாலையின் பெயர் கொண்ட பழைய ஐ.சி.எஃப்., மற்றது ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். நீலம் என்றால் ஐ.சி.எஃப்., சிவப்பு என்றால் எல்.எச்.பி. என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2018க்குப் பிறகு பழைய பெட்டிகளுக்கும் புது வண்ணம் அடித்துவிட்டார்கள். 'பெரம்பூரில் செய்தது' என்பதும் உதவாது. ஐ.சி.எஃப். தொழிற்சாலை தன் பெயர் கொண்ட வடிவமைப்பைச் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது, அதன் பிறகு அங்கிருந்து எல்.எச்.பி. பெட்டிகளும் மற்ற புதுவகைகளும்தான் வெளிவருகின்றன.

நம்பத்தகுந்த அடையாளம் அடிவயிற்றில் இருக்கிறது. கவிழ்ந்த பெட்டி அதைத் தானாகவே காட்டிவிடும். சக்கர அச்சின் மேல், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, தட்டுத் தட்டாக பிரேக் டிஸ்க்குகள் தெரிந்தால் அது எல்.எச்.பி. டிஸ்க் இல்லாமல் சக்கரத்தின் ஓட்டப்பரப்பையே அழுத்தும் பிரேக் கட்டைகள் இருந்தால் ஐ.சி.எஃப். நீளமும் ஏமாற்றாது: ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 21.3 மீட்டர், எல்.எச்.பி. சுமார் 23.5 மீட்டர். கிழிந்த உலோகத்தின் நிறமும் பேசும். எல்.எச்.பி.யின் உடல் துருப்பிடிக்காத எஃகு. அடுத்தது இணைப்பு. பழைய முறையில் நடுவே திருகுக் கொக்கியும் இரு பக்கமும் உருண்டை பஃபர்களும் இருக்கும், எல்.எச்.பி.யில் கைகோத்ததுபோல் இறுகிக்கொள்ளும் மைய இணைப்பி. ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுக்கவே அந்த இறுக்கம். கோரமண்டலில் இருந்தவை எல்.எச்.பி. பெட்டிகள்தான். 128 கி.மீ. வேகத்தில் அசையாத இரும்புத் தாதுக் குவியலில் மோதும்போது எந்த இணைப்பியாலும் ஓரளவுக்கு மேல் காப்பாற்ற முடியாது.

சரக்கு வண்டி எண்ணில்தான் எனக்குப் பிடித்த கணக்கு ஒளிந்திருக்கிறது. பதினொரு இலக்கம். முதல் இரண்டு வண்டியின் வகை (10 முதல் 29 வரை மேல்மூடியில்லாத வண்டி), அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே (தெற்கு ரயில்வே 06), அடுத்த இரண்டு செய்த ஆண்டு, பிறகு நான்கு இலக்கத் தனி எண். பதினொன்றாவது சரிபார்க்கும் இலக்கம். மாதிரிக்கு 10 06 08 4721 என்று வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் இருக்கும் இலக்கங்கள் 0, 6, 8, 7, 1. கூட்டினால் 22, மூன்றால் பெருக்கினால் 66. ஒற்றை இடங்களில் 1, 0, 0, 4, 2. கூட்டினால் 7. மொத்தம் 73. அடுத்த பத்தின் மடங்கான 80க்கு எத்தனை குறைகிறது? 7. அதுதான் கடைசி இலக்கம். முழு எண் 10060847217. கடையில் வாங்கும் சோப்பின் பார்கோடிலும் இதே 1-3 கணக்குதான் ஓடுகிறது.

தவறாகப் படித்ததைப் பிடிப்பது மட்டும் இதன் பயன் அல்ல. மேற்படி எண்ணில் எட்டாவது இலக்கம் சிராய்ப்பில் அழிந்துவிட்டது என்று வையுங்கள். மீதியை அதே முறையில் கூட்டினால், சரிபார்க்கும் இலக்கத்தையும் சேர்த்து, 59. அழிந்த இலக்கத்தின் மூன்று மடங்கை இதோடு சேர்த்தால் பூஜ்யத்தில் முடிய வேண்டும். அப்படியானால் அந்த மூன்று மடங்கு 1இல் முடிய வேண்டும். 3, 6, 9, 12, 15, 18, 21 என்று போனால் 7 மட்டுமே பொருந்தும். ஒரு இலக்கம் தொலைந்தால் மீட்டுவிடலாம், இரண்டு தொலைந்தால் முடியாது. இன்னொரு ஓட்டையும் உண்டு: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் (2, 7 போல) கணக்கு ஏமாந்துவிடும். நாம் போட்ட 15213 போன்ற பழைய கோச் எண்ணில் இந்தப் பாதுகாப்பே கிடையாது. அதை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எழுதிக்கொள்வதுதான் வழி.

எண்கள் கிடைத்தபின் வரிசை. களத்தில் கிடக்கும் வரிசையும் ரயிலில் நின்ற வரிசையும் ஒன்றாக இருக்காது. பின்னால் வந்த பெட்டி முன்னால் போய் விழுவது சகஜம். ரயில் கிளம்புமுன் எந்தெந்தப் பெட்டி எந்த வரிசையில் என்று பதிவாகியிருக்கும், பிரேக் சோதனைச் சான்றிதழும் இருக்கும். அந்தக் காகிதத்தை அப்படியே நம்பாமல் இணைப்பிகளின் உடைந்த முகங்களையும், ஒரு பெட்டியின் வண்ணம் அடுத்ததில் ஒட்டியிருக்கும் இடங்களையும் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள்.

பெட்டி எது என்பது தெரிந்தால் உள்ளே இருந்தவர்கள் யார் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும், முன்பதிவுப் பட்டியல் இருக்கும் வரை. கோரமண்டலில் எஞ்சினை ஒட்டி இருந்தவை முன்பதிவில்லாப் பெட்டிகள். அடி முழுவதையும் வாங்கியவை அவைதான், பட்டியலே இல்லாதவையும் அவைதான். புவனேஸ்வர் எய்ம்ஸில் மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருந்தது. உரிமை கோரி யாரும் வராத 28 உடல்களை அந்த ஆண்டு அக்டோபரில் தகனம் செய்தார்கள். இரும்புக்கு இத்தனை எண் கொடுத்திருக்கிற அமைப்பில், பொதுப் பெட்டியில் ஏறுகிறவருக்கு ஒரு பதிவும் இல்லை என்பதை எந்தத் தொழில்நுட்பக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்று நினைக்கிறேன்.

எஞ்சினைச் சரியாக அடையாளம் காண்பது வேகக் கணக்குக்கும் அவசியம். வேகப் பதிவுக் கருவி நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைச் சுற்றளவால் பெருக்குகிறது. டபிள்யூ.ஏ.பி.-7இன் புதுச் சக்கரம் 1,092 மில்லிமீட்டர் விட்டம். தேய்ந்து தேய்ந்து 1,016 வரை ஓடலாம். 1,016க்குத் தேய்ந்த சக்கரத்தில், கருவி இன்னும் 1,092 என்றே நினைத்துக்கொண்டிருந்தால், அது 128 காட்டும்போது உண்மை வேகம் 119தான். ஆகவே எந்த எஞ்சின், அன்றைக்கு அதன் சக்கரம் எவ்வளவு என்று ஷெட் பதிவேட்டைப் பார்க்காமல் கருவியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு எஞ்சின்கள் இருந்தால்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டுபாண்ட் ஊருக்கு அருகே 2017 டிசம்பர் 18 காலை நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் 501 என்பது ஓட்டத்தின் எண். முன்னால் 1402 என்ற எண்ணுள்ள புத்தம்புது சீமென்ஸ் சார்ஜர் எஞ்சின், மாநிலப் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தமானது. பின்னால் ஆம்ட்ராக்கின் 181, பி-42 வகை. நடுவே ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் வடிவமைத்த தொகுப்பின் 12 பெட்டிகள். மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. மட்டுமே அனுமதித்த வளைவில் ரயில் 78 மைல் வேகத்தில் நுழைந்து பாலத்திலிருந்து நெடுஞ்சாலையில் விழுந்தது. மூன்று பயணிகள் இறந்தார்கள். 14 வண்டிகளில் தடத்திலேயே நின்றது ஒன்றுதான்: வாலில் இருந்த 181. படத்தில் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் அதை வைத்து 'இந்த எஞ்சின்தான் கவிழ்ந்தது' என்று எழுதியிருந்தால் தலைகீழாகப் போயிருக்கும். ஆனால் விபத்து நடந்த அன்று இரவே கிடைத்த வேகத் தகவல் அதன் பதிவுக் கருவியிலிருந்து வந்ததுதான். அப்போது சொன்ன எண் 80 மைல். இறுதி அறிக்கையில் 78.

டால்கோவை அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணப் பெட்டிக்கு இரு முனையிலும் தனித்தனி சக்கரத் தொகுதிகள் இருக்கும். டால்கோவில் அடுத்தடுத்த இரண்டு குட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஜோடிச் சக்கரம், இருவருக்கும் பொது. சக்கரங்களை எண்ணிப் பெட்டிக் கணக்குப் போட முடியாது. அதைவிட முக்கியமானது, விபத்தில் இந்தச் சக்கரத் தொகுதிகள் சில கழன்று பறந்ததுதான். எது எந்தப் பெட்டியிலிருந்து கழன்றது, எந்தப் பெட்டியைத் துளைத்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திய பிறகுதான் குற்றம் வேகத்தோடு முடியவில்லை, வண்டியின் வடிவமைப்பிலும் பங்கு உண்டு என்பது வெளியே வந்தது. அந்த ஆறாம் வரிசை டால்கோ பெட்டிகளை ஓட்டத்திலிருந்து எடுக்கும்படி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. கவிழ்ந்த தொகுப்பின் சகோதரத் தொகுப்புகள் 2020இல் ஓய்வு பெற்றன.