ஒரு மணி நாற்பது நிமிடம் என்பது 1.40 இல்லை

கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தபோது, பில் கவுண்டரில் இருந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்து நீட்டினார். "எனக்கு ஓ.டி. குறையுது சார். கேட்டா சிஸ்டம் போட்ட கணக்குங்கிறாங்க." ஓ.டி. என்றால் ஓவர்டைம், கூடுதல் நேர வேலை. டைரியில் நாள்தோறும் வந்த நேரம், கிளம்பிய நேரம். அந்த மாதம் முழுக்கக் காலை 10:00, இரவு 8:40.

இடைப்பட்டது 10 மணி 40 நிமிடம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் வேலை 9 மணி 40 நிமிடம். 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. ஆக, ஓ.டி. 1 மணி 40 நிமிடம். கம்ப்யூட்டரிலும் 1.40 என்றுதான் இருந்தது. வினையே அந்தப் புள்ளிதான்.

மாதச் சம்பளம் 15,600 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600, மணிக்கு 75, ஓ.டி. மணிக்கு 150. எக்செல் 1.40-ஐ 150-ஆல் பெருக்கி 210 ரூபாய் என்றது. நாற்பது நிமிடம் என்பது மணியில் மூன்றில் இரண்டு பங்கு அல்லவா? வர வேண்டியது 250. நாளுக்கு 40 ரூபாய் வீதம் 26 நாளில் 1,040 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. அந்த மேனேஜர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் பணம் போனது போனதுதான்.

கையில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிட்டால் தொல்லையே இல்லை: 640-இல் 60 போக 580, அதில் 480 போக 100 நிமிடம். மாதத்துக்கு 2,600 நிமிடம். கடைசியில் ஒரே ஒருமுறை 60-ஆல் வகுத்தால் 43 மணி 20 நிமிடம். எக்செல்லில் புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி போட்டு நேரமாகவே பதியலாம். ஆனால் அங்கும் ஒரு குழி உண்டு. கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டியதும் சாதாரண நேர வடிவம் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 43:20 இருக்க வேண்டிய கட்டத்தில் 19:20 என்று நிற்கும். கட்டத்தின் வடிவத்தில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அதாவது [h]:mm என்று கொடுத்தால், சரியாகிவிடும்.

இதைத் திருத்தி முடித்த பிறகுதான் அந்தப் பெண் மெதுவாக இன்னொன்று சொன்னார். "ஒரு மணி நேரம் கழிக்கிறீங்களே சார், சீசன்ல நான் இருபது நிமிஷத்துல சாப்பிட்டுட்டு ஓடி வந்துடுவேன்." விரல் ரேகை வைத்து வருகை பதியும் பயோமெட்ரிக் மென்பொருளில் இடைவேளை 60 நிமிடம் என்று ஒருமுறை அமைத்துவிட்டால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கழித்துக்கொண்டே இருக்கும். ஆளை வேலையிலிருந்து விடுவித்த நேரம் மட்டுமே இடைவேளை. டிபன் பாக்ஸைக் கவுண்டருக்கு அடியில் வைத்துக்கொண்டு நடுநடுவே பில் போடுவது வேலை நேரம்தான். நின்றபடி குடிக்கும் டீக்கும் பாத்ரூம் போய் வருவதற்கும் நிமிடம் கழிக்கிற கடைகளையும் பார்த்திருக்கிறேன். அது அற்பத்தனம், வேறென்ன சொல்ல.

எவ்வளவு கழிக்கிறோம் என்பதோடு எப்போது இடைவேளை விட்டோம் என்பதும் முக்கியம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக்கூடாது. அதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். பத்து மணிக்கு வந்தவரை மூன்றரைக்குச் சாப்பிட அனுப்பினால், முழு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தாலும் சட்டமீறல்தான்.

நாளுக்கு 9 மணி 40 நிமிடம் என்றால் ஆறு நாளில் 58 மணி நேரம். ஓ.டி.யும் சேர்த்து வாரத்துக்கு 54 மணிதான் உச்சவரம்பு. இதைச் சொன்னதும் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மேனேஜர் முகம் மாறியது. "அப்போ ஓ.டி. காசு கொடுத்தாலும் தப்பா சார்?" தப்புதான் என்றேன்.

சாப்பாட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் விரல் வைக்க ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினேன். டைரியை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்.