பேட்டன்ட் மனுவில் கலர் போட்டோ வைக்கலாமா?

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு டிரையர் செய்து கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் கம்பம், பட்டறை கேரளாவில். பச்சைக்காயை உலர்த்தும்போது சூடு கொஞ்சம் ஏறினாலும் காய் வெளுத்துவிடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் விலையும் போய்விடும். அண்ணன் டிரையருக்குள் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை ஒரு புது விதமாகச் சாய்த்து வைத்து, மேல் தட்டுக் காயும் கீழ் தட்டுக் காயும் ஒரே பச்சையாக இறங்கும்படி செய்திருந்தார். நானே நின்று பார்த்த வேலை அது.

பேட்டன்ட் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஆலோசகர் வந்தார். 45,000 ரூபாய் வாங்கினார். படம் வேண்டாமா என்று கேட்டதற்கு, "போன்ல நாலு பக்கமும் எடுத்து வாட்ஸாப்ல போடுங்கண்ணே, அது போதும்" என்றார். பதினெட்டு கலர் போட்டோ போயின. ஒன்றரை வருஷம் கழித்துப் பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து ஆட்சேபணைக் கடிதம் வந்தது. அதையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் வந்தார். கருப்பு வெள்ளை ஜெராக்ஸில் பழைய டிரையர் காயும் புது டிரையர் காயும் ஒரே சாம்பல் நிறம். கதவு திறந்த டிரையரின் உள்பக்கம் மொத்தமும் இருட்டு. அண்ணனின் கண்டுபிடிப்பே அந்தத் தகடுகள்தான். பதினெட்டுப் படத்தில் ஒன்றில்கூட அவை தெரியவில்லை.

குமுளி, நெடுங்கண்டம், கட்டப்பனை பக்கமும் மலைக்குக் கீழே கம்பம், போடியிலும் இப்படிக் கைவேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பேட்டன்ட் சட்டம் 1970, விதிகள் 2003. படத்துக்கானது விதி 15. அதில் "கலர் கூடாது" என்றோ "போட்டோ கூடாது" என்றோ ஒரு வரி கிடையாது. "கூடும்" என்றும் கிடையாது. இந்த மௌனத்தைக் காட்டித்தான் ஆலோசகர்கள் போட்டோவை ஒட்டி அனுப்புகிறார்கள். விதி கேட்பது வேறு: படம் கண்டுபிடிப்பைத் தெளிவாகக் காட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், முறையாக எண்ணிடப்பட்டிருக்க வேண்டும். போன் போட்டோவில் பின்னால் சுவர், சாக்கு, யாரோ ஒருவரின் கால் எல்லாம் விழுந்திருக்கும். உங்கள் தகடு எது, ஃபிரேம் எது என்று மனுவைச் சரிபார்க்கும் அலுவலகப் பரிசோதகருக்குப் புரியாது. புரியவில்லை என்று எழுத அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு ஆறு மாதம் ஓடும்.

வெளிநாட்டுக்கும் போடும் எண்ணம் இருந்தால் கதவு இன்னும் குறுகல். சர்வதேச மனுவுக்கான பிசிடி ஒப்பந்தத்தின் விதி 11.13, கோடுகள் கருப்பாக, அழுத்தமாக, நிறம் தீட்டாமல் இருக்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. அமெரிக்காவில் கலர் படத்துக்குத் தனி மனுவும் தனிக் கட்டணமும் உண்டு. படம் கலரில் உள்ளது என்று விவரணையில் (கண்டுபிடிப்பை எழுத்தில் விளக்கும் பகுதி) ஒரு வாசகமும் சேர்க்க வேண்டும். போட்டோவை, வேறு வழியில் காட்டவே முடியாதவற்றுக்குத்தான் அங்கே ஏற்பார்கள்: நுண்ணோக்கியில் பார்க்கும் திசு, படிக அமைப்பு போன்றவை. டிரையரும் சலிப்பு மெஷினும் அந்தப் பட்டியலில் வராது. கோட்டுப்படமாக வரைந்துவிட்டால் எந்த நாட்டுக்கும் அதே படம் உதவும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "இப்போதைக்கு போட்டோ வைப்போம், ஆட்சேபணை வந்தால் வரைந்து கொடுக்கலாம்" என்பார்கள். சட்டப் பிரிவு 59 குறுக்கே நிற்கிறது. முதலில் கொடுத்த மனுவில் இல்லாத எதையும் திருத்தம் என்ற பெயரில் பிறகு நுழைக்க முடியாது. போட்டோவில் இருட்டாகப் போன தகட்டை, எழுத்திலும் சொல்லாமல் விட்டிருந்தால், பின்னால் வரையும் படத்தில் கொண்டுவர முடியாது. அது புது விஷயம் என்று தள்ளிவிடுவார்கள். நம் அண்ணனின் விவரணையில் "காற்றைச் சமமாகப் பரப்பும் தகடுகள்" என்று நல்லவேளையாக ஒரு வரி இருந்தது. அதை வைத்துத் தகடுகளை வரைய முடிந்தது. அவை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பது எங்கும் எழுதப்படவில்லை. அந்தச் சாய்வுதான் காயைப் பச்சையாக வைத்தது. அதற்கு உரிமை கேட்க முடியாமலே போனது.

சரி, நிறமே கண்டுபிடிப்பின் பலன் என்றால் அதை எப்படிக் காட்டுவது? எழுத்திலும் எண்ணிலும். எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம், எந்தத் தட்டில் வைத்த காய், நிறம் அளக்கும் கருவியில் என்ன எண் காட்டியது என்று பழைய டிரையருக்கும் புதியதற்கும் பக்கம் பக்கமாக ஓர் அட்டவணை போடுங்கள். அந்தக் கருவி சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. உணவுப் பரிசோதனைக் கூடங்களில் காயைக் கொடுத்து அளந்து வாங்கலாம். அட்டவணை ஜெராக்ஸில் வெளுக்காது. போட்டோ வைத்தே தீர வேண்டும் என்றால், நல்ல வெளிச்சத்தில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கோட்டுப்படங்களுக்குப் பின்னால் துணையாக வையுங்கள். கோட்டுப்படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

வரைவது எப்படி

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படித்த பையன்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களும் கிடைக்காவிட்டால் போட்டோவைப் பெரிதாக அச்சிட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, கருப்புப் பேனாவால் மெஷினின் ஓரங்களை மட்டும் இழுங்கள். சுவரும் சாக்கும் தானாகக் கழன்றுவிடும். வெளித்தோற்றம் ஒன்று போதும். அதைவிட முக்கியம் குறுக்கே வெட்டிக் காட்டும் படம், போட்டோவால் ஒருநாளும் தர முடியாத படம். உங்கள் புதுமை எங்கே ஒளிந்திருக்கிறதோ அந்த இடத்தைத் தனியாகப் பெரிதாக்கி இன்னொரு படம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். ஒரு படத்தில் தகடு 14 என்றால் எல்லாப் படத்திலும் தகடு 14. அதே எண் விவரணையிலும், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக் கோரல்களில் அடைப்புக்குறிக்குள்ளும் வர வேண்டும்.

தாள் ஏ4. மேலும் இடதும் 4 செ.மீ., கீழும் வலதும் 3 செ.மீ. வெற்றிடம். இடது மேல் மூலையில் மனுதாரர் பெயர், வலது மேல் மூலையில் மொத்தத் தாள் எத்தனை, இது எத்தனையாவது என்ற எண், வலது கீழ் மூலையில் கையெழுத்து. இதில் ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்பக் காரணம் கிடைத்துவிடும்.

பட்டறைக்காரர்கள் அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று அளவு. நம் கை பழகிய வரைபடத்தில் இன்ச்சும் எம்எம்மும் இல்லாமல் இருக்காது. பேட்டன்ட் படத்தில் அளவு குறிக்கவே கூடாது என்பது விதி. அளவு முக்கியமென்றால் எழுத்தில் சொல்லுங்கள். இரண்டு, படத்தின் மேல் விளக்கம் எழுதுவது. "மோட்டார்", "ஃபேன்" என்று எழுதக் கூடாது, எண் மட்டும்தான். செயல்முறையைக் கட்டங்களாகக் காட்டும் படத்துக்கு மட்டும் விலக்கு. மனுவின் எழுத்தோ ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும். தமிழில் யோசித்து, மலையாளத்தில் வியாபாரம் செய்து, கையால் மெஷின் கட்டுகிற ஒருவர் தன் கண்டுபிடிப்பைச் சொல்ல இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆலோசகர்களுக்குப் பிழைப்பு கிடைப்பதே இங்கேதான். அதனால் எழுதியதைத் தமிழில் வரிக்கு வரி சொல்லச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. 30 பக்கத்துக்கு மேல் போனால், ஆன்லைனில் தனிநபருக்குப் பக்கத்துக்கு 160 ரூபாய் கூடுதல். படத்தாளும் பக்கக் கணக்கில் வரும். பதினெட்டு போட்டோவுக்குப் பதினெட்டுத் தாள் என்றால் எங்கே போகும் என்று பாருங்கள்.

எங்கே போவது, யாரிடம் ஏமாறுவது

கேரளாவில் பேட்டன்ட் அலுவலகம் கிடையாது. அந்த அண்ணனை ஓர் அலுவலகத்தில் கொச்சிக்குப் போ என்றார்கள், கொச்சியில் திருவனந்தபுரம் என்றார்கள், அங்கே போனதும் சென்னை என்றார்கள். மூன்று நாள் கூலி வழியிலேயே போனது. கேரளா, தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா எல்லாவற்றுக்கும் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம்தான். வீடு குமுளியா, பட்டறை கம்பமா என்ற கவலையே வேண்டாம், இரண்டும் அங்கேதான் போகும். நேரிலும் போக வேண்டியதில்லை, ஆன்லைனில் போடலாம். திருவனந்தபுரத்தில் மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது. அங்கே வழிகாட்டுவார்கள், மனு அங்கே வாங்குவதில்லை. படிப்புப் பின்புலம் இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு குஜராத் காந்திநகரில் இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை பேட்டன்ட் எடுக்க உதவுகிறது. 45,000 கொடுப்பதற்கு முன் இவர்களைக் கேளுங்கள்.

அரசுக் கட்டணம் தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கையான படிவம் 18க்கு 4,000. உங்கள் சொந்தப் பெயரில் போட்டால் இந்தச் சலுகைக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். கம்பெனி பெயரில் போட்டால் சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழோடு படிவம் 28 வேண்டும், இல்லாவிட்டால் 1,600 என்பது 8,000 ஆகும். படிவம் 18ஐ 31 மாதத்துக்குள் போடாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். பல ஆலோசகர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு இதைப் போடுவதே இல்லை.

போட்டோவோடு ஒட்டிய இன்னொரு ஏமாற்று பரவலாக நடக்கிறது. டிசைன் பதிவு என்று தனியாக ஒன்று உண்டு. டிசைன் சட்டம் 2000இன் கீழ் வருவது, பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு. அதில் போட்டோ வைக்கலாம், கட்டணம் தனிநபருக்கு 1,000 ரூபாய், சான்றிதழும் சீக்கிரம் வரும். வரையத் தெரியாத ஆலோசகர்கள் உங்கள் போட்டோவை அங்கே கொடுத்துவிட்டு, வந்த சான்றிதழைப் பேட்டன்ட் என்று நீட்டுகிறார்கள். டிரையரின் வெளித் தகரத்தை வேறு வடிவில் வளைத்து, உங்கள் காற்றுத் தகடுகளை அப்படியே உள்ளே வைத்தால் அந்தச் சான்றிதழ் எதையும் தடுக்காது. எண்ணைப் பாருங்கள். பேட்டன்ட் மனு எண் 12 இலக்கம். முதல் நான்கு இலக்கம் மனு போட்ட வருஷம், ஐந்தாவது இலக்கம் சென்னைக்கு 4. அப்படி இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

மின்னஞ்சலையும் கவனியுங்கள். ஆட்சேபணைக் கடிதம் மனுவில் கொடுத்த முகவரிக்கு மின்னஞ்சலில் வரும். அங்கே ஆலோசகரின் முகவரி மட்டும் இருந்தால் உங்களுக்குச் செய்தியே தெரியாது. ஆறு மாதத்தில் பதில் போகாவிட்டால், நீட்டிப்பும் கேட்காவிட்டால் மனு கைவிடப்பட்டதாகும். மாதம் ஒருமுறை அந்த 12 இலக்க எண்ணை அலுவலக இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பார்க்கப் பணம் கிடையாது.

மனு போடும் முன் அந்த போட்டோக்களை விவசாயிகள் குழுவிலோ யூடியூபிலோ போடவே போடாதீர்கள். வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விட்டது என்பார்கள். அரசு அறிவித்த கண்காட்சிக்கு ஒரு வருஷச் சலுகை உண்டு. ஊரில் நடக்கும் எல்லாக் கண்காட்சியும் அப்படி அறிவிக்கப்பட்டவை அல்ல.

ஏற்கெனவே போட்டோவோடு மனு போட்டவர்களுக்கு: முதலில் தேதியைப் பாருங்கள். போட்டது தற்காலிக விவரணை (முழு விவரணைக்கு முன் தேதி பிடிக்கப் போடுவது) என்றால் 12 மாதத்துக்குள் முழு விவரணையோடு கோட்டுப்படங்களைக் கொடுத்துவிடலாம். முழு விவரணையே போட்டிருந்தாலும் 12 மாதம் தாண்டவில்லையென்றால், பிரிவு 9(3)இன் கீழ் அதைத் தற்காலிகமாகக் கருதக் கேட்டு எழுதுங்கள். அதே 12 மாதத்துக்குள் சரியான படங்களோடு புது விவரணை போகலாம். புதிதாகச் சேர்ப்பதற்கு, அதைச் சேர்த்துக் கொடுத்த நாளின் தேதிதான் கிடைக்கும், இருந்தாலும் அது கிடைக்கும். 12 மாதம் தாண்டி 15 மாதத்துக்குள் இருந்தால், படிவம் 29 கொடுத்து மனுவைத் திரும்பப் பெற்று, அது பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாவதைத் தடுத்து, புதிதாகப் போடலாம். அந்தப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. இடையில் மெஷினை வெளியே காட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆலோசகர் படிவம் 9 போட்டாரா என்றும் கேளுங்கள். சீக்கிரம் வெளியிடச் சொல்லும் 2,500 ரூபாய்ப் படிவம் அது. போட்டால் ஒரு மாதத்தில் மனு இதழில் வந்துவிடும், அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து "பேட்டன்ட் வந்துடுச்சு" என்று உங்கள் கையில் கொடுப்பார்கள். வெளியான பிறகு திரும்பப் பெற்றுப் புதிதாகப் போடும் வழி அடைபட்டுவிடும். அந்த அண்ணனின் பட்டறைச் சுவரில் அப்படி ஒரு லேமினேட் பக்கம்தான் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.