சொல் விளக்கம்: மோத்தோநேத்தா

மோத்தோநேத்தா: ஜப்பானியப் பேச்சுவழக்குச் சொல். ஒரு கதையோ ஊரோ பாத்திரமோ நகைச்சுவையோ எதிலிருந்து முளைத்ததோ, அந்த மூலப்பொருள். தமிழில்: மூலவித்து, சுருக்கமாக வித்து.

மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் ரசிகர்களிடம் இந்தச் சொல் மிகுதியாகப் புழங்குவது ஊர் தேடும்போதுதான். "இந்தக் கற்பனை நகரத்துக்கு மோத்தோநேத்தா எந்த நிஜ ஊர்?" என்று தொடங்கினால் விடிய விடிய வாதம் ஓடும். தமிழில் அதே வாதத்தை நடத்தும்போது 'இன்ஸ்பிரேஷன்' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் முயன்றால் 'அகத்தூண்டுதல்'. இரண்டும் ஆசிரியரின் மனத்துக்குள் நடந்ததைச் சொல்கின்றன. மோத்தோநேத்தா அப்படியல்ல. அது வெளியே கிடக்கும் பொருள், கையால் சுட்டிக் காட்டக்கூடியது.

சொல்லைப் பிரித்தால் மோத்தோ என்பது அடி, மூலம். நேத்தா என்பதற்குத் தனியே வேர் கிடையாது. விதையைக் குறிக்கும் 'தனே' என்ற சொல்லின் இரண்டு அசைகளை முன்பின்னாக மாற்றிப் போட்டதுதான் நேத்தா. வெளியாளுக்குப் புரியாமல் பேச, தொழில்வட்டங்களில் சொற்களை இப்படித் திருப்பிப் போடும் பழக்கம் ஜப்பானில் இருந்தது. தங்குமிடத்தைக் குறிக்கும் 'யாடோ', மலிவு விடுதியைக் குறிக்கும் 'டோயா' ஆனதும், இடத்தைக் குறிக்கும் 'பாஷோ', வியாபாரி ஆக்கிரமிக்கும் இடமான 'ஷோபா' ஆனதும் இதே வழியில்தான். சுஷிக் கடையில் சோற்றின் மேல் வைக்கும் மீன் துண்டு நேத்தா. மேடைச் சிரிப்புக் கலைஞரின் சரக்கு நேத்தா. நிருபருக்குக் கிடைக்கும் துப்பும் நேத்தாதான். அது பொய்த் துப்பு என்றால் 'கசெநேத்தா'. கதையின் முடிவை முன்கூட்டியே போட்டுடைப்பது 'நேத்தாபரே'. நம் வழக்கில் குட்டு உடைதல் என்பதற்கு நேரானது.

ஜப்பானியச் சொல்லுக்குள் விதை இருப்பதால் மட்டும் தமிழில் வித்து என்று பரிந்துரைக்கவில்லை. விதையும் மரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதில்லை. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்று பழமொழி கேட்கிறது. கதைத் தோட்டத்தில் தாராளமாக முளைக்கும். அரக்கர்களிடமிருந்து தப்ப மதிலுக்குள் வாழும் மனிதர்களின் கதையான 'அட்டாக் ஆன் டைட்டன்' மங்காவை எழுதிய இசயாமா ஹஜிமே, இணைய மையம் ஒன்றில் வேலை பார்த்தபோது குடிபோதையில் வந்த வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிப் புரியவைக்க முடியாமல் போனதை, அரக்கர்கள் பிறந்த இடமாகச் சொல்லியிருக்கிறார். குடிகாரருக்கும் ஐம்பது மீட்டர் மதிலுக்கு மேல் தலை நீட்டும் அரக்கனுக்கும் என்ன ஒற்றுமை? தோற்றத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் அதுதான் வித்து.

மற்றப் போட்டிச் சொற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு இருக்கிறது. வெறும் 'மூலம்' என்றால் பாதி வாசகர்களுக்கு மருத்துவர் நினைவுக்கு வருவார். 'கரு' ஏற்கனவே கதைக்கருவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. 'மாதிரி ஊர்' என்றால் முன்னுதாரணமான கிராமம் என்று பொருள்படும். 'முதற்பொருள்' அழகான சொல். ஆனால் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதல் என்று சொல்வது பாட்டுக்குள் இருக்கும் நிலத்தை, பாட்டுக்கு வெளியே இருந்து அதற்கு உதவிய நிலத்தை அல்ல.

இதே வேறுபாட்டை ஜப்பானியர்கள் தனித்தனிச் சொற்களால் கறாராகக் காக்கிறார்கள். கதை நடக்கும் இடம் 'புத்தாய்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆடரங்கு, நம் கதைக்களம். ஓர் இடத்தைப் பார்த்து, பெயரை மாற்றி, வரைந்திருந்தால் அந்த நிஜ இடம் 'மோதெரு', அதாவது மாடல். இதற்கு 'சாயல்மூலம்' என்று வைத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் பயணம் போகும் இடம் 'செய்ச்சி', புனித நிலம். அங்கே போவது 'செய்ச்சி ஜுன்ரேய்'. 2016இல் ஜப்பானின் ஆண்டுச் சொற்கள் பத்தில் இதுவும் இடம்பெற்றது. தமிழுக்கு இங்கே சிரமமே இல்லை. தலம் என்ற ஒரு சொல்லிலேயே இடமும் புனிதமும் சேர்ந்திருக்கின்றன. தலயாத்திரை என்றால் முடிந்தது.

ரசிகர்கள் போடும் தியரிக்கு ஜப்பானில் 'கோசத்சு' என்று பெயர்: ஆராய்ந்து கருதுதல். தமிழில் 'விசிறிக் கோட்பாடு' என்று எழுதுவோர் காற்றாடியையும் கல்விக்கூடத்தையும் சேர்த்து இழுக்கிறார்கள். இது கோட்பாடு அல்ல, ஊகம். 'ரசிகர் ஊகம்' போதும். கொஞ்சம் மதிப்போடு சொல்ல வேண்டுமானால் உய்த்துணர்வு.

சாயல்மூலத்துக்குச் சந்தேகமற்ற எடுத்துக்காட்டு, 'ஜோஜோ' மங்காவின் நான்காம் பாகத்தில் வரும் மோரியோ என்ற ஊர். ஆசிரியர் அராக்கி ஹிரோஹிக்கோ 1960இல் செண்டாயில் பிறந்தவர். மங்காவில் ஊரின் முகவரி 'எம் மாகாணம், எஸ் நகரம்' என்று வருகிறது. செண்டாய் இருப்பது மியாகி மாகாணத்தில். செண்டாயின் பட்டப்பெயர் 'மோரி நோ மியாக்கோ', மரங்களின் நகரம். அந்த 'மோரி'யை எழுதும் அதே எழுத்துதான் மோரியோவின் முதலெழுத்து. மூன்று தடயங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கதையில் 'ஓசன்' என்றொரு கடை வருகிறது, லாசன் என்ற நிஜக் கடைத்தொடரின் கேலிப்பெயர். 2012இல் செண்டாயில் ஒரு லாசன் கடையே கொஞ்ச நாள் ஓசன் என்று பலகை மாட்டிக்கொண்டது. அராக்காவா ஹிரோமுவின் 'சில்வர் ஸ்பூன்' இன்னும் நேரடி: கதையிலுள்ள வேளாண் பள்ளிக்குச் சாயல்மூலம், அவர் படித்த ஹொக்கைடோவின் ஒபிஹிரோ வேளாண் மேல்நிலைப் பள்ளி.

'டிடெக்டிவ் கோனன்' வேறு வகை. பேக்கா சோ என்ற கற்பனைப் பேட்டை டோக்கியோவில் இருக்கிறது. லண்டனின் தோற்றம் அதில் துளியும் இல்லை. ஆனால் பேக்கா என்ற ஒலி பேக்கர் தெருவிலிருந்து வந்தது. பெயர் மட்டும் ஒத்தால் தற்செயல் என்று தள்ளலாம். கதாநாயகனின் வீட்டு முகவரி 2ஆம் வட்டம், 21ஆம் எண். சேர்த்துப் படித்தால் 221, ஷெர்லாக் ஹோம்ஸின் கதவு எண். பக்கத்துப் பேட்டையான ஹைடோ, ஹைட் பார்க். இங்கே லண்டன் வித்து மட்டுமே. சாயல்மூலமும் அல்ல, கதைக்களமும் அல்ல. இந்த மூன்றையும் குழப்புகிறவர்கள்தான் 'லண்டன் மாதிரியே இல்லையே' என்று சண்டைக்கு வருவது.

ஊகம் சறுக்கும் இடங்களில் முதலாவது, ஒரே ஒரு ஒற்றுமையை வைத்துக் கோட்டை கட்டுவது. 'அட்டாக் ஆன் டைட்ட'னின் வட்ட மதிலுக்கு ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள நோர்ட்லிங்கனைக் காட்டுவார்கள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த, 24 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்குள் அமைந்த பழைய ஊர் அது. மதில் முழுதாக நிற்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். மங்காவில் மதில்கள் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று. உள்மதிலின் ஆரமே 250 கிலோமீட்டர், வெளிமதிலுடையது 480. வெளியே துருத்தி நிற்கும் வாயில் பேட்டைகளும் நோர்ட்லிங்கனில் இல்லை. மிஞ்சுவது வட்டமும் ஓட்டுக் கூரையும். ஐரோப்பாவில் அந்த இரண்டுக்குமா பஞ்சம்?

'ஒன் பீஸ்' கதையின் வாட்டர் செவனையும் வெனிஸையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் படகு, திருவிழா முகமூடி, மெல்ல அமிழும் நகரம், ஆண்டுதோறும் ஏறிவரும் பெருவெள்ளம். வெனிஸ்காரர்கள் தங்கள் வெள்ளத்தை 'அக்குவா ஆல்தா' என்கிறார்கள். கதையில் அது 'அக்குவா லகுனா'. ஒன்றையொன்று சாராத ஐந்தாறு ஒற்றுமைகள் ஒரே ஊரில் வந்து கூடினால் ஊகத்துக்கு எலும்பு வந்துவிடுகிறது.

இரண்டாவது சறுக்கல் காலக்கணக்கு. இசயாமாவின் சொந்த ஊரான ஓயிதா மாகாணத்து ஓயாமாவில் 94 மீட்டர் உயர அணை ஒன்று இருக்கிறது. கதைமாந்தரான எரன், மிகாசா, அர்மின் மூவரும் அண்ணாந்து பார்ப்பதுபோல அதன் எதிரே 2020இல் சிலை வைத்தார்கள். படம் பார்ப்பவருக்கு அணைதான் மதிலின் வித்து என்றே தோன்றும். மங்கா தொடங்கியது 2009இல். அணை கட்டி முடிந்தது அதற்குப் பிறகு. வித்தாக எதையாவது சொல்வதானால் ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளைச் சொல்லலாம். மலைகளால் அடைபட்ட ஊரில் வளர்ந்ததை இசயாமாவே பேசியிருக்கிறார். அணை தலம்தான். தலமாக இருப்பதற்கு அதற்கு முழு உரிமையும் உண்டு.

மூன்றாவது, அனிமேயை, அதாவது ஜப்பானிய அசைபடத்தை, மங்காவாக எடுத்துக்கொள்வது. அனிமே நிறுவனங்கள் பின்னணி ஓவியத்துக்காக ஆள் அனுப்பி இடம் பார்ப்பது வழக்கம். அதற்கு 'ரொக்கெஹன்' என்று பெயர். 'ஸ்லாம் டங்க்' ரசிகர்கள் குவியும் கமகுராகோகோ-மாயே நிலையத்து ரயில் கடவை, 1993இல் வந்த அனிமேயின் தொடக்கப் பாடலால் புகழ்பெற்றது. மங்காக்காரரின் மூலவித்தைத் தேடுகிறவர் புரட்ட வேண்டியது இதழில் வந்த பக்கங்களை.

'டீமன் ஸ்லேயர்' விஷயத்தில் வித்து என்ற ஒரே பட்டத்துக்கு மூன்று ஊர்கள் போட்டியிடுகின்றன. நாயகனின் குடும்பப்பெயர் கமாதோ. ஆசிரியர் ஃபுகுவோக்கா மாகாணத்தவர். அங்கே தசைஃபுவில் கமாதோ கோயில் இருக்கிறது. அதே மாகாணத்துச் சிக்குகோவில் இன்னொன்று. ஓயிதாவின் பெப்புவில் மற்றொன்று. ஆனால் கமாதோ என்றாலே அடுப்பு. நாயகன் தஞ்சிரோவின் பெயரில் முதலெழுத்து கரி. குடும்பத் தொழில் கரி சுடுவது. கோயிலுக்கே போகாமல் பெயர் பிறந்துவிட முடிகிறது. எளிய விளக்கம் கதைக்குள்ளேயே கிடக்கும்போது, ஊர் தேடுகிறவருக்குச் சுமை கூடுகிறது.

தஞ்சிரோ வாளால் பிளக்கும் பாறைக்கும் வித்தென்று காட்டப்படும் கல் இருக்கிறது: நாரா நகரின் யாக்யூ பகுதியில் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளத்தில், நடுவே நேர்கோடாகப் பிளந்து கிடக்கும் 'இத்தோசெகி', ஒற்றை வெட்டுக் கல். பதினாறாம் நூற்றாண்டு வாள்வீரர் யாக்யூ முனேயோஷி, தெங்கு என்ற பூதத்தோடு இரவில் பொருதி வெட்டியதாகவும், விடிந்து பார்த்தால் பிளந்திருந்தது பாறை என்றும் அங்கே தலபுராணம். மங்காவில் தஞ்சிரோவின் ஆசான் தெங்கு முகமூடிக்காரர். இந்த இரண்டாம் ஒற்றுமைதான் ஊகத்தைத் தாங்குகிறது. பிளந்த பாறை மட்டும் என்றால், கற்கள் தம் விரிசல்கோட்டில் பிளப்பது உலகெங்கும் நடப்பதுதான். 'டீமன் ஸ்லேய'ருக்குப் பின் அந்தக் கல்லுக்கு இரண்டாவது புராணமும் சேர்ந்துவிட்டது.

எழுதும்போது ஒரு வசதி: வித்தாக அமைந்த ஊரை 'வித்தூர்' என்று புணர்த்திக்கொள்ளலாம். ஊகம் உறுதிப்படாதவரை 'வித்தூர் எனக் கருதப்படுவது'; ஆசிரியரே சொல்லிவிட்டால் வெறும் 'வித்தூர்'.