உதிரும் கல்லுக்கு பாக்டீரியா: பூசுவதற்கு முன் கல்லைத் தெரிந்துகொள்வோம்

பழைய கட்டடம் எதைப் பார்க்கப் போனாலும் என் பையில் ஒரு டேப் சுருள் இருக்கும். பொரிந்த கல்லில் ஒரு துண்டை ஒட்டி, அழுத்தி, உரித்தெடுத்து எடை போடுவேன். அதே இடத்தில் பத்து தடவை. ஒட்டிவரும் தூள் சீக்கிரமே குறைந்தால் மேல்தோல் மட்டும்தான் தளர்ந்திருக்கிறது. குறையாமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே பிணைப்பே போய்விட்டது.

அப்படிப்பட்ட கல்லைப் பார்த்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது சிமெண்ட், இல்லையென்றால் ரெசின் என்ற செயற்கைப் பிசின். ரெசின் பூசிய ஒரு தூணை, பூசிய சில வருடங்கள் கழித்துப் பார்த்தேன். பளபளப்பான மேல்பரப்பு தகடு தகடாகக் கழன்று கிடந்தது, பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கல்லுக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்க, உப்பு அங்கேயே படிகமாகிக் கல்லைப் பிளந்திருந்தது. பூசாமல் விட்டிருந்தால்கூட அந்தச் செதுக்கு வேலை இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சுண்ணாம்புக்கல்லுக்கு வேறு வழி இருக்கிறது. அந்தக் கல்லைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம் கார்பனேட். மண்ணில் வாழும் சாதாரண பாக்டீரியாக்கள் பலவற்றால் அதே பொருளை உண்டாக்க முடியும் என்று 1973-லேயே தெரிந்துவிட்டது. பிரான்சின் தூஆர் ஊரில் செயின்ட் மெதார் தேவாலயக் கோபுரத்தில் 1993-ல் முதன்முதலாகச் செய்தும் பார்த்தார்கள்.

நான் ஆர்வத்தோடு பின்தொடர்வது ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகக் குழுவின் வேலையை. கார்லோஸ் ரோட்ரிகஸ் நவாரோ, மரியா தெரெசா கொன்சாலெஸ் முன்யோஸ் ஆகியோர் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்ற மண் பாக்டீரியாவைக் கொண்டு செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. அந்த ஊர்ப் பழைய கட்டடங்கள் பலவற்றின் கல், கிளிஞ்சல் துகள்கள் சேர்ந்து இறுகிய, துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். பாக்டீரியா புரதச் சத்தைத் தின்று அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. சுற்றியுள்ள நீரில் காரத்தன்மை ஏறுகிறது, கரைந்திருக்கும் கால்சியம் கால்சைட்டாக, அதாவது கால்சியம் கார்பனேட் படிகமாகப் படிகிறது. புதுப் படிகம் பழைய மணிகளின் மேலேயே ஒட்டி வளர்கிறது. துளையின் சுவரில் மெல்லிய பூச்சாக நிற்கிறதே தவிர, வாயை அடைப்பதில்லை. ரெசின் தோற்ற இடத்தில் இது ஜெயிப்பது அதனால்தான்.

அப்புறம் அவர்கள் எடுத்த அடுத்த அடி எனக்கு இன்னும் பிடித்தது. வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவருவானேன்? கல்லுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறதே! கிரனாடாவின் சான் ஹெரோனிமோ மடாலயத்திலும் ஹோஸ்பித்தால் ரியால் கட்டடத்திலும் ஊட்டக் கரைசலைத் தெளித்து, உள்ளே இருந்தவற்றைத் தூண்டினார்கள். உப்பால் மோசமாகச் சிதைந்த கல்லுக்கு, அதே கல்லிலிருந்து பாக்டீரியாக் கூட்டத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் திருப்பித் தெளிக்கும் முறையை 2017-ல் வெளியிட்டார்கள்.

இதைச் சொன்னதும் "நம்ம கோயிலுக்கும் அடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நம் கோயில்களில் பெரும்பாலானவை கருங்கல். அதில் பிணைப்பாகக் கால்சைட் இல்லை, புதுப் படிகம் பற்றி வளர அதேபோன்ற தளமும் இல்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலைப் போன்ற மணற்கல் வேலைக்கு, மணிகளைப் பிடித்திருப்பது எது என்று முதலில் சோதிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுதை மட்டும் குணத்தில் கிரனாடா கல்லுக்குக் கிட்டே வரும். நம் ஊரில் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆபத்தும் உண்டு. ஊட்டக் கரைசல் என்பது சாப்பாடு. வேண்டிய பாக்டீரியா மட்டும் அதைத் தின்னும் என்று கல் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை, பூஞ்சையும் தின்னும். யூரியாவைக் கொடுத்து வேலை வாங்கும் முறையில் அம்மோனியம் மிஞ்சி, அது பின்னால் நைட்ரிக் அமிலமாக மாறிக் கல்லையே அரிக்கக்கூடும். மேலே மழைநீர் ஒழுகிக்கொண்டிருந்தால், அடியில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தால், எந்த பாக்டீரியாவாலும் பயனில்லை. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள்.

உங்கள் ஊர்ப் பழைய கட்டடத்துக்கு யாராவது இந்தக் கரைசலோடு வந்தால், கல் என்ன வகை என்று ஆய்வுக்கூட அறிக்கை கேளுங்கள். கண்ணில் படாத மூலையில் சிறு இடத்தில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒரு சாண் அகலத்தை எதுவும் பூசாமல் விடச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலம் போன பிறகு இரண்டு இடத்திலும் டேப் ஒட்டி எடை பாருங்கள். பூசாத இடம் ஒன்று இல்லாவிட்டால், அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.