வென்டியில் வீடு வாங்கும் முன்: மீடியன் விலை சொல்லாத சங்கதிகள்

சிட்னியில் வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் வரும்போது பாதி ஆராய்ச்சியை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். ஏரியாவின் மீடியன் விலை, ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏறியது, சொந்த வீட்டில் எத்தனை பேர், வாடகையில் எத்தனை பேர், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை சதவீதம், எல்லாம் எக்செல் ஷீட்டில் கலர் கலராக இருக்கும். நான் லைசென்ஸ் வாங்கிய கன்வேயன்சர், அதாவது வீடு கைமாறும்போது ஒப்பந்தம், டைட்டில், செட்டில்மென்ட் எல்லாம் பார்த்துக்கொடுக்கிற ஆள். என் மேசைக்கு வருகிற ஃபைல்களில் பெரும்பாலானவை மேற்கு சிட்னியில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம். இந்த எக்செல் ஷீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் எப்போதும் விட்டுப்போயிருக்கும், வாங்கப்போகிற அந்த ஒரு மனை. ஏரியாவைத் தெரிந்துவைத்துக்கொண்டு மனையைத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏரியா. வென்ட்வொர்த்வில், நம் ஆட்கள் வாயில் வென்டி, சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 27 கிலோமீட்டர். பக்கத்து டூங்காபியில் 1791லேயே கைதிகளை வைத்து அரசுப் பண்ணை நடத்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் அது தாருக் என்ற பழங்குடி மக்களின் மண். வென்டிக்கு ரயில் நின்றது 1883ல். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வரிசை வரிசையாக ஃபைப்ரோ வீடுகள் (ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷீட் சுவர்), அப்புறம் அறுபது எழுபதுகளில் செங்கல் வீடுகள். பெண்டில் ஹில்லில் பாண்ட்ஸ் பனியன் கம்பெனியின் நூற்பாலை ஓடியது, சுற்றிலும் மால்டா நாட்டுக்காரர்கள் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள், 1978ல் வெஸ்ட்மீட் மருத்துவமனை திறந்தது. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள், 2000க்குப் பிறகு ஐடி வேலைக்கு வந்த நம்மூர்க்காரர்கள், குஜராத்திகள், தெலுங்குக்காரர்கள் என்று அடுத்தடுத்து வந்தார்கள். மேஸ் ஹில்லில் முருகன் கோயில் வந்தபிறகு இந்தப் பக்கமே வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற அம்மாக்கள் அதிகமாகிவிட்டார்கள், அதில் தப்பும் இல்லை. 2021 சென்சஸில் வென்டியில் வெளிநாட்டில் பிறந்தவர்களை எடுத்தால் இந்தியாதான் முதலில் நிற்கிறது.

ஆனால் இதையெல்லாம் வைத்து விலையைப் பேச முடியாது. மீடியன் என்பது அந்தக் காலகட்டத்தில் விற்ற வீடுகளை விலைவாரியாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற வீட்டின் விலை, அவ்வளவுதான். ஒரு வருடம் பழைய ஃபைப்ரோ வீடுகளாக விற்று, அடுத்த வருடம் அவற்றை இடித்துக் கட்டிய புது டூப்ளெக்ஸ்களாக (ஒரே மனையில் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகள்) விற்றால் மீடியன் குதித்து ஏறும். அதைப் பார்த்து ‘வென்டி ஏறிடுச்சு’ என்பார்கள். ஏறியது வென்டி இல்லை, விற்ற சரக்கு மாறிவிட்டது. ஒரே தெருவில் ஃபைப்ரோவும் டூப்ளெக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஏரியா இது, இங்கே மீடியனை நம்பிப் பேரம் பேசுவது ரொம்ப ஆபத்து. பக்கத்துத் தெருக்களில், அதே அளவு மனையில், அதே வயதுள்ள வீடு கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். நாலைந்து வீடு கிடைத்தாலே போதும்.

பள்ளிக்கூடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிர்ராவீன் ஹை ஸ்கூலுக்காகவே கிர்ராவீனில் கூடுதல் பணம் கொடுத்து வீடு வாங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது முழுக்க செலெக்டிவ் பள்ளி. பரீட்சை எழுதித்தான் இடம், பள்ளிக்கு எதிர்வீட்டில் இருந்தாலும் மார்க் வராவிட்டால் உள்ளே போக முடியாது. ஆரம்பப்பள்ளிக்கும், செலெக்டிவ் இல்லாத சாதாரண அரசு ஹை ஸ்கூலுக்கும்தான் விலாசம் பார்ப்பார்கள். அந்த வித்தியாசம் தெரிந்து வாங்கினால் சரி.

இனி மனை. நியூ சவுத் வேல்ஸில் வீட்டின் குறைகளை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. டைட்டில், கழிவுநீர்க் குழாய் வரைபடம், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) கொடுக்கும் 10.7 சான்றிதழ் (மனைக்குப் பொருந்தும் கட்டட, திட்டமிடல் விதிகளைச் சொல்வது) போன்ற சில காகிதங்களை ஒப்பந்தத்தோடு வைத்தாக வேண்டும். மற்றதை வாங்குகிறவர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதங்களில் இந்த ஏரியாவுக்கென்றே நான் முதலில் புரட்டுவது குழாய் வரைபடத்தை. பழைய மனைகள் நீளமானவை, பின்பக்கம் காலியாக இருக்கும், வாங்குகிறவர் மனதுக்குள் ஏற்கெனவே அங்கே கிரானி பிளாட் (அதே மனையில் கட்டும் சின்னத் தனி வீடு) கட்டி வாடகையும் வாங்க ஆரம்பித்திருப்பார். 2009லிருந்து 60 சதுர மீட்டர் வரை கிரானி பிளாட்டை விரைவு வழியில் சீக்கிரம் அனுமதி வாங்கிக் கட்டலாம், மனை குறைந்தது 450 சதுர மீட்டர் இருந்தால். எல்லாம் உண்மைதான். ஆனால் சிட்னி வாட்டரின் (இங்கத்துக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) குழாய் சரியாக அந்தப் பின்பக்கத்தின் நடுவே ஓடினால் அதன் மேல் கட்ட அவர்கள் சம்மதம் வேண்டும், குழாயைச் சுற்றி கான்க்ரீட் பாதுகாப்புப் போடச் சொல்வார்கள், செலவு எகிறும். இந்தக் குழாய்களில் பல சுட்ட களிமண் குழாய்கள், மரத்தின் வேர் இணைப்புகளில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் பெரிய மரம் நின்றால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சரி, கிரானி பிளாட் ஏற்கெனவே கட்டியிருந்தால்? அங்கேதான் இன்னும் கவனம் தேவை. போன வருடம் ஓர் இளம் தம்பதி கொண்டுவந்த ஃபைலைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. விளம்பரத்தில் ‘இரட்டை வருமானம்’ என்று போட்டிருந்தது. பின்பக்கத்தில் அடுப்பு, சிங்க், ஷவர் எல்லாம் இருக்கிறது, ஒரு மாணவர் குடியும் இருக்கிறார். கவுன்சில் அங்கீகரித்த வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தால் அதே இடத்தில் ‘கராஜ்’ என்று எழுதியிருக்கிறது. கட்டட இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் உட்கூரை உயரம் போதாது, சுவருக்குள் ஈரம் தடுக்கும் வேலை நடக்கவில்லை என்று இரண்டு பக்கம் படத்தோடு. அனுமதி இல்லாமல் மாற்றியதைக் கவுன்சில் இடிக்கச் சொல்லலாம், தீப்பிடித்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரிக்கலாம், வாடகை வருமானத்தை நம்பிக் கணக்குப் போட்ட பேங்க் மதிப்பீட்டாளர் அதை ஒதுக்கித் தள்ளலாம். அந்தத் தம்பியிடம், ‘இது கராஜ் விலையா, வீடு விலையா, முதல்ல அதை முடிவு பண்ணுங்க’ என்றேன். ‘அக்கா, எல்லாரும் இப்படித்தானே வச்சிருக்காங்க’ என்றார். வைத்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. நீங்கள் விற்கும்போது உங்கள் கன்வேயன்சரிடம் வாங்குகிறவரின் கன்வேயன்சர் இதே கேள்வியைக் கேட்பார். கடைசியில் அவர்கள் கூலிங் ஆஃப் காலத்துக்குள், அதாவது கையெழுத்துக்குப் பிறகும் மனம் மாறி விலக அனுமதிக்கும் நாட்களுக்குள், விலகினார்கள். விலையில் 0.25 சதவீதம் போயிற்று, 14 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 3,500 டாலர்.

ஃபைப்ரோ பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளின் நடுப்பகுதி வரை கட்டிய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், செங்கல் வீடாக இருந்தாலும் குளியலறைச் சுவர், மேற்கூரையின் கீழ்விளிம்பு, பின் கொட்டகையில் ஒளிந்திருக்கும். ஆஸ்திரேலியா அதை முழுதாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31ல்தான். தொடாமல் இருந்தால் பயமில்லை. ‘நானே ஞாயிற்றுக்கிழமை டைல்ஸை உடைச்சிடறேன்’ என்று கிளம்பாதீர்கள், 10 சதுர மீட்டருக்கு மேல் போனால் லைசென்ஸ் உள்ளவர்தான் அகற்ற வேண்டும். செங்கல் வீடுகளுக்கு வேறு வியாதி, கரையான். வெளியே செங்கல், உள்ளே மரச்சட்டம். செங்கல் வரிசையின் அடியில் காற்றுக்காக விட்ட சிறிய இடைவெளிகளை மறைத்து யாரோ கான்க்ரீட் நடைபாதை போட்டிருந்தால் கரையானுக்கு வழி போட்டுக்கொடுத்த மாதிரி. வீடு பார்க்கப் போகும்போது கிச்சன் பெஞ்ச்டாப்பைத் தடவிப் பார்ப்பதோடு, சுவரின் அடியையும் குனிந்து பாருங்கள்.

தண்ணீர். ஃபின்லேசன்ஸ் க்ரீக், பெண்டில் க்ரீக், டூங்காபி க்ரீக் எல்லாம் வெயில் காலத்தில் பார்த்தால் வாய்க்கால். 1986, 1988 வெள்ளத்தைப் பார்த்த பழைய ஆட்களிடம் கேளுங்கள், வேறு கதை சொல்வார்கள். ஒப்பந்தத்தோடு வருவது பெரும்பாலும் 10.7 சான்றிதழின் அடிப்படை வடிவமான 10.7(2) மட்டும். இன்னும் கொஞ்சம் காசு கட்டி 10.7(5) வாங்கினால் கவுன்சில் கூடுதலாகத் தெரிந்ததையும் சொல்லும். அதைவிட எளிய வழி ஒன்று: கையெழுத்துக்கு முன்பே அந்த விலாசத்தைப் போட்டு வெள்ளப் பாதுகாப்போடு காப்பீட்டு விலை கேட்டுப் பாருங்கள். கம்பெனி கேட்கிற பிரீமியமே பதில் சொல்லிவிடும்.

வீட்டு விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டதால், முதல் வீடு வாங்குகிறவர்கள் ஸ்டேஷன் பக்கத்து யூனிட்டுகளுக்கு (அடுக்குமாடி வீடு) போகிறார்கள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு 8 லட்சம் வரை ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, 10 லட்சம் வரை சலுகை உண்டு; அதைத் தாண்டினால் முழுசாகக் கட்ட வேண்டும், 14 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட 59,000. யூனிட் வாங்கினால் ஸ்ட்ராட்டா அறிக்கையை, அதாவது கட்டடத்தின் உரிமையாளர் சங்கக் கணக்கும் குறிப்புகளும் அடங்கிய அறிக்கையை, படிக்காமல் வாங்காதீர்கள். 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஓபல் டவரில் விரிசல் விட்டதும், 2019ல் மாஸ்கட் டவர்ஸை காலி செய்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். பெரிய பெயர் வாங்கிய கட்டடங்கள் அவை. சின்னக் கட்டடங்களில் பால்கனி வழியாகத் தண்ணீர் இறங்குவதை மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளில் தேடினால் கிடைக்கும்: ‘வாட்டர் ப்ரூஃபிங்’, ‘ஸ்பெஷல் லெவி’ (திடீர் செலவுக்குக் கூடுதலாக வசூலிப்பது) என்ற வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். சின்கிங் ஃபண்டில் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு, இப்போதைய பெயர் கேப்பிடல் வொர்க்ஸ் ஃபண்ட்) பணம் இல்லாத பழைய கட்டடத்தில் காலாண்டுக் கட்டணம் குறைவு என்று சந்தோஷப்படுவது வீண், பின்னால் மொத்தமாக வசூலிப்பார்கள்.

யார் பெயரில் வாங்குவது? இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. பாசத்தில் அப்பா பெயரையும் சேர்ப்பார்கள். அவர் பத்து வருடம் முன்பு இங்கே ஒரு யூனிட் வைத்திருந்தால் பிள்ளைகளின் முதல் வீட்டுச் சலுகையும் குறையலாம், போயும் விடலாம். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீடு இதில் சேராது, ஆஸ்திரேலியாவில் வைத்திருந்ததுதான் கணக்கு. அம்மாவுக்கு பிஆர் (நிரந்தரக் குடியுரிமை விசா) இருக்கிறது, ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் சென்னையில்தான் என்றால் இன்னொரு கண்ணி: ஒப்பந்தத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 200 நாள் இங்கே இருந்திருக்காவிட்டால் வெளிநாட்டவருக்கான கூடுதல் வரி அவர் பங்குக்கு வரலாம், 2025 ஜனவரியிலிருந்து அது 9 சதவீதம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க 2025 ஏப்ரலில் தடை வந்தது. மனைவிக்கு மட்டும் பிஆர் வந்திருக்கிறது, கணவர் இன்னும் தற்காலிக விசாவில் என்பது போன்ற சூழ்நிலைகளில் ஏலத்துக்கு முன்பே பேச வேண்டும், அப்புறம் பேசிப் பலனில்லை.

ஊரிலிருந்து வரும் பணமும் அப்படித்தான். நிலத்தை விற்ற காசு என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) கிடக்கிறது, அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுக்கலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரி, நேரத்தைத்தான் சொல்லவில்லை. வருமானவரிப் படிவம், ஆடிட்டர் சான்றிதழ், பேங்க் கிளையில் ஒருவர் லீவு, பொங்கல் விடுமுறை, இப்படியே மூன்று வாரம் ஓடிவிடும். இங்கே எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது) ஆன நாளிலிருந்து 42 நாளில் செட்டில்மென்ட் (மீதிப் பணம் கட்டி வீட்டைக் கைக்கொள்வது) என்பது வழக்கம். தவறினால் ஒப்பந்தப்படி தினக்கணக்கில் வட்டி, பிறகு 14 நாள் நோட்டீஸ், அதுவும் தவறினால் 10 சதவீத டெபாசிட்டே போகலாம். பணம் ஆஸ்திரேலிய அக்கவுன்ட்டுக்கு வந்துசேர்ந்த பிறகு வீடு பாருங்கள் என்று நான் சொல்வது நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை.

ஏலம். சனிக்கிழமை மதியம் வரும் ‘அக்கா, நமக்கே கிடைச்சிடுச்சு!’ என்ற போன் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலையைத்தான் தரும், ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தை நான் பார்த்தே இருக்க மாட்டேன். ஏலத்தில் எடுத்தால் கூலிங் ஆஃப் கிடையாது. ஏலத்தில் விலை படியாமல் அதே நாளில் பேசி முடித்தாலும் கிடையாது. ஏலத்துக்கு முன்பே ஆஃபர் கொடுத்தால், ஏஜென்ட் 66டபிள்யூ சான்றிதழ் கேட்பார். அது ஐந்து வேலை நாள் கூலிங் ஆஃப் உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதம், அதில் கன்வேயன்சரோ வக்கீலோ விளக்கிச் சொன்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அரசின் 5 சதவீத டெபாசிட் திட்டத்தை நம்பி வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: திட்டம் உங்களுக்கும் பேங்குக்கும் நடுவில்தான். ஒப்பந்தத்தில் 10 சதவீதம் என்று அச்சடித்திருந்தால் ஏலம் முடிந்த நிமிடமே அந்த 10 கேட்பார்கள், அதை 5 ஆக்க ஏலத்துக்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கிவைக்க வேண்டும்.

கிழக்குப் பார்த்த வாசலுக்காக ஏலத்தில் நாற்பது ஐம்பதாயிரம் அதிகம் கொடுக்கிறவர்களை நான் தடுப்பதில்லை, அது அவரவர் நம்பிக்கை. இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மற்றபடி, சனிக்கிழமை ஏலம் என்றால் ஒப்பந்தத்தைத் திங்கள்கிழமையே அனுப்பிவிடுங்கள். கவுன்சில் வரைபடம் வரவே சில நாளாகும், இன்ஸ்பெக்டருக்கும் நாள் கிடைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸப்பில் வருகிற 140 பக்க ஒப்பந்தத்தில் என்னால் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்க்க முடியும்.