‘பரவாயில்லை’ என்றால் பூஜ்யம்

பழுப்புக் கவரை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். “நீங்களே பாருங்க தம்பி.” பிரிக்கவே இல்லை. லண்டனில் பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் இப்படித்தான், கடிதத்தை ஒட்டினது ஒட்டினபடியே கொண்டுவருவார்கள். உள்ளே இருந்தது பிப் (PIP) முடிவு. நோயாலோ உடல் குறையாலோ அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுபவர்களுக்கான உதவித்தொகை அது. மதிப்பெண் போடும் 12 செயல்களுக்கும் பூஜ்யம்.

(ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது தொண்ணூறுகளின் கடைசியில். பிப்புக்கு முன்பிருந்த மாற்றுத்திறன் உதவித்தொகையான டிஎல்ஏவை (DLA) கால வரம்பு இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தவர். 2012இல் நலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2013 முதல் உழைக்கும் வயதினருக்கு டிஎல்ஏ போய் பிப் வந்தது. கால வரம்பில்லாமல் கொடுத்ததையும் திரும்ப மதிப்பிட்டார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்தே ஒருவர் மாற்றுத்திறனாளி. வேலையில் பாகுபாடு காட்டினால் அந்தச் சட்டம் துணைக்கு வரும். பிப்புக்கு நோயின் பெயர் முக்கியமில்லை. சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடும். அன்றாட வாழ்வுப் பகுதியில் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை.

அண்ணன் இணைத்திருந்த கிளினிக் கடிதத்தைப் படித்தேன். ‘வைரஸ் கண்டறிய முடியாத அளவில். நிலை சீர். நன்றாக இருக்கிறார்.’ மருத்துவருக்கு இது வெற்றிச் செய்தி. வைரஸ் அந்த அளவில் நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது, அதைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மதிப்பீட்டாளர் அதே வரியைப் படித்துவிட்டு ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணன் சொன்ன பதில்: “பரவாயில்லை, சமாளிச்சுக்குவேன்.”

எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். பழைய மருந்துகளில் ஒன்றான ஸ்டாவுடின் நரம்பைக் கெடுத்ததில் இரண்டு பாதமும் மரத்துப்போயிருக்கின்றன. வெங்காயம் நறுக்குவதிலிருந்து குழம்பு இறக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்துதான் சமையல். “அதையெல்லாமா சொல்லணும்?” என்றார். ஆமாம், சொல்ல வேண்டும். ஸ்டூல் இல்லாமல் சமைக்க முடியாது என்றால் 2 மதிப்பெண். குளியலறை நாற்காலிக்கு 2. ஓயாத வயிற்றுப்போக்குக்கு வைக்கும் பேடுக்கு 2. மாத்திரையை அண்ணி நினைவூட்ட வேண்டியிருப்பதற்கு 1. மனம் சோர்ந்து, யாராவது உந்தினால்தான் ஆட்களோடு பேசுகிறார் என்பதற்கு 2. கூட்டினால் 9!

நோய் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காதே என்பார்கள். சரி, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதுதான் கணக்கு. ஒருமுறை செய்ய முடிந்தால் போதாது. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் செய்ய முடிய வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளினிக்கிலும் ‘சீர்’ என்று மட்டும் எழுதாமல் பாதத்தையும் வயிற்றையும் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதனால்தான் கவரைப் பிரியுங்கள் என்று கெஞ்சுகிறேன். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயம். மொழிபெயர்ப்பாளர் நம்ம ஆளாக இருந்து ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்று பயந்து மேல்முறையீட்டையே விட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்தை முன்கூட்டியே சொல்லி, அறிமுகமில்லாத வேறொருவரைக் கேளுங்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டிலும் மாற்றம். 2026 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு உடல்நலத் தொகை ஏறக்குறைய பாதிதான். பிப் விதியையும் இறுக்கப் பார்த்தார்கள். 2025 ஜூலையில் மசோதாவிலிருந்து அதை எடுத்துவிட்டு ஆய்வுக்கு விட்டார்கள்.

விசாவில் ‘பொது நிதி கிடையாது’ என்று இருப்பவர்கள் பெனிஃபிட் கேட்பதற்கு முன் குடிவரவு ஆலோசகரிடம் பேசுங்கள். ஆனால் மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2012 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை விசா நிலை எதுவானாலும் இலவசம்.

அண்ணனுக்கு மறுபரிசீலனையிலும் பூஜ்யம்தான். தீர்ப்பாயத்துக்குப் போனோம். நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் அனுபவமுள்ள உறுப்பினர் என மூன்று பேர். வீட்டில் சமையல் எப்படி என்று மருத்துவர் கேட்டார். “பரவாயி…” என்று ஆரம்பித்த அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஸ்டூல் இல்லாம முடியாது டாக்டர்” என்றார்.