பச்சைக்குப் பிறந்த வெள்ளை

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, தம் வீட்டுக் கூண்டின் படத்துடன் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். அவர் வளர்க்கும் பட்ஜி என்ற சிறு கிளி ஜோடியில் ஆணும் பச்சை, பெட்டையும் பச்சை. காருகுறிச்சியில் வனைந்த சிறு மண்கலயத்துக்குள் பெட்டை ஐந்து முட்டைகள் இட்டு, ஐந்தும் பொரித்தன. நான்கு குஞ்சுகள் பெற்றோரைப் போலவே பச்சையாக இறகு விட, ஐந்தாவது மட்டும் சிவந்த கண்களுடன் தும்பைப் பூவாக வெளுத்திருக்கிறது. கூண்டில் வேறு பறவை இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சியோ, "அடைகாக்கும்போது எதுத்தாப்ல வெள்ளை வேட்டி காஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சுல்லா, அதைப் பாத்துத்தான்" என்று காரணம் சொல்லிவிட்டார். உண்மையான காரணம் என்ன என்பதே மாணவியின் கேள்வி.

அந்தக் குஞ்சின் பெற்றோர், தாத்தா பாட்டி பற்றி அதன் நிறம் நிறையவே சொல்கிறது. அது மட்டுமன்று. குஞ்சை நேரில் பார்க்காமலேயே, அது பெட்டை என்றும் என்னால் சொல்ல முடியும். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடைவீதியில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் இப்பறவை உண்மையில் ஆஸ்திரேலியப் புல்வெளிகளின் பட்ஜெரிகர். 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். காட்டில் வாழ்பவை மஞ்சள் முகமும் பச்சை உடலும் கொண்டவை. நீலம், வெள்ளை, முழு மஞ்சள் என்று நாம் காணும் மற்ற நிறங்கள், மரபணுக்களில் நேர்ந்த சிறு மாற்றங்களை வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததன் விளைவு.

முதலில் பச்சை நிறமே எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நீலப் பட்ஜி உதிர்த்த மார்பிறகு ஒன்றை எடுத்து, கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள், வான நீலமாகத் தெரியும். அதே இறகைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீலம் மறைந்து, மங்கிய பழுப்புச் சாம்பல்தான் மிஞ்சும். காரணம், அதில் நீலச் சாயம் என்று எதுவுமே இல்லை. இறகு நாரின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அந்த அறைகளின் அளவும் இடைவெளியும் ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதால், அங்கே சிதறும் ஒளியில் நீலம் மட்டும் ஒன்றை ஒன்று வலுப்படுத்திக்கொண்டு நம் கண்ணை நோக்கித் திரும்புகிறது. எஞ்சிய ஒளியை அடுக்கின் கீழே உள்ள மெலனின் என்ற கருநிறமி விழுங்கிவிடுகிறது. விறகடுப்புப் புகையைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கருநிறப் பின்னணியின் வேலை எளிதில் புரியும். இருண்ட அடுக்களைக்கு முன்னால் நீலம் பாரித்துத் தெரியும் அதே புகை, கூரைக்கு மேலே எழுந்து வெளிச்ச வானத்தின் முன் போனதும் அந்த நீலத்தை இழந்துவிடுகிறது. சிதறும் முறை இரண்டிலும் வேறு என்றாலும், பின்னணி இருண்டிருந்தால்தான் நீலம் எடுபடும் என்பது இரண்டுக்கும் பொது.

இந்த நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி ஒன்று படியும்போது நமக்குக் கிடைப்பது பச்சை. ஆக, பட்ஜியின் நிறத்தை இரண்டு சாவிகளாக எண்ணிக்கொள்ளலாம். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்து இருந்தால் பச்சை. மஞ்சள் இல்லாமல் கறுப்பு மட்டும் இருந்தால் நீலம். கறுப்பு இல்லாமல் மஞ்சள் மட்டும் இருந்தால், கடைக்காரர்கள் லுட்டினோ என்று சொல்லும் சிவந்த கண் மஞ்சள் பறவை. இரண்டும் இல்லாவிட்டால் அல்பினோ. வெள்ளைப் பறவையின் இறகிலும் அந்தக் காற்றறைகள் அப்படியேதான் இருக்கின்றன. பின்னால் கறுப்பு இல்லாததால் எல்லா ஒளியும் திரும்பி வந்து, நீலம் வெள்ளையில் கரைந்துவிடுகிறது.

மஞ்சள் நிறமியைக் கிளியினம் தானே தன் இறகில் தயாரித்துக்கொள்கிறது. தீனியிலிருந்து பெறுவதில்லை. 2017-இல் 'செல்' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை அடையாளம் கண்டது. நீலப் பறவைகளில் அந்த நொதியின் 644-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பச்சைப் பறவையின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் செலுத்தியபோது ஈஸ்ட்டும் அந்த மஞ்சளைத் தயாரித்தது. செல்லப் பறவையின் நிறத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் உயிர் புதிய வேதிப்பொருளைத் தயாரிக்க எப்படிக் கற்றது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அரிது என்பதால், அது நல்ல செலவு என்றே கருதுகிறேன். நம் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிலும் இத்தகைய கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் வகையில் ஆய்வு நிதி வர வேண்டும்.

நீலத்தின் மரபு பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஒவ்வொரு பறவையிடமும் அம்மரபணுவின் இரு படிகள் உண்டு. ஒன்று நல்லதாக இருந்தாலே மஞ்சள் உண்டாகிவிடும் என்பதால், நீலத்தைச் சுமக்கும் பறவையும் வெளியே பச்சையாகவே தெரியும். இதைத்தான் வளர்ப்பாளர்கள் 'ஸ்ப்ளிட்' என்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு குஞ்சுக்கு நீலம் வாய்க்கும்.

கறுப்பை நீக்கும் 'இனோ' மரபணுவின் கதை வேறு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது இசட் என்னும் பால் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது. மனிதரில் ஆணுக்குத்தான் பால் குரோமோசோம்கள் வேறுவேறு. பறவைகளிலோ இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். ஆணிடம் ஓர் இசட் பழுதானால் மற்றொன்று ஈடுகட்டிவிடும். பெட்டைக்கு இருப்பதே ஒன்றுதான். அது பழுதானால் மறைக்க வழியில்லை, நிறத்தில் தெரிந்தே தீரும். ஆகவே 'லுட்டினோ ஸ்ப்ளிட் பெட்டை' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு பறவை இருக்க முடியாது.

அந்த ஒற்றை இசட் பெட்டைக்கு எங்கிருந்து வருகிறது? தாய் மகளுக்குத் தருவது டபிள்யூ, ஆகவே இசட் தந்தையிடமிருந்துதான் வந்தாக வேண்டும். தாயின் இசட் மகன்களுக்கே போகும்.

இப்போது பாளையங்கோட்டைக் கலயத்துக்குத் திரும்புவோம். குஞ்சு வெள்ளை என்றால் அதனிடம் நீலத்தின் இரு படிகளும் உண்டு. தாயும் தந்தையும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள், ஆகவே இருவருமே நீலத்துக்கு ஸ்ப்ளிட். கண் சிவந்திருக்கிறது என்றால் இனோவும் உண்டு. தாய் பச்சையாக இருப்பதால் அவளுடைய ஒரே இசட்டில் பழுதில்லை. மகன் பிறந்திருந்தால் அந்த நல்ல இசட் அவனுக்குப் போய்க் கறுப்பைக் காப்பாற்றியிருக்கும். கறுப்பு போய்விட்டதால் இந்தக் குஞ்சு மகனாக இருக்க இயலாது. பழுதான இசட் தந்தையிடம் மறைந்திருந்தது, அவர் அதை மகளுக்குக் கொடுத்தார்.

அந்த ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு பிறக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவதும் எளிது. நீலம் வாய்ப்பது 4-இல் 1, பெட்டையாகவும் இனோவாகவும் இருப்பது 4-இல் 1, இரண்டும் சேர்வது 16-இல் 1. லுட்டினோவுக்கு 16-இல் 3. கணக்குப்படி நீலக் குஞ்சும் வரலாம், அதற்கும் 16-இல் 3. எஞ்சிய 16-இல் 9 பச்சை. பதினாறு முட்டைக்கு ஒரு வெள்ளை என்று இதற்குப் பொருளில்லை. தாயக்கட்டைக்கு முந்தைய உருட்டல் நினைவிருப்பதில்லை, முட்டைக்கும் அப்படித்தான்.

ஆச்சியின் வேட்டிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. நிறத்தை முடிவு செய்யும் மரபணுக்கள், முட்டை ஓடு உருவாகும் முன்பே உள்ளே அமைந்துவிடுகின்றன. அடைகாக்கும் தாய் எதைப் பார்த்தாலும் அவை மாறா. ஆச்சியின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வெள்ளைக் குஞ்சு வீட்டுக்கு ஆகாது, பறக்கவிட்டுவிடு என்றும் சிலர் மாணவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூண்டில் பிறந்த வெள்ளைப் பறவை நம் ஊர்க் காக்கைகளிடமிருந்தும் வல்லூறுகளிடமிருந்தும் தப்புவது கடினம். கண்ணில் கருநிறமி இல்லாததால் நெல்லை வெயில் அதற்குக் கூசும். கூண்டின் ஒரு பக்கமாவது நாள் முழுவதும் நிழலில் இருக்கட்டும்.

வளர்ந்தபின் அதைத் தந்தையுடனோ உடன்பிறந்தவற்றுடனோ சேர்க்க வேண்டாம். மறைந்திருக்கும் வேறு பழுதுகளும் அப்போது ஒன்றுசேரும். இனோவைச் சுமக்காத வேறொரு நீல ஆணுடன் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் நீலமாகவே வரும், ஒன்றுகூட வெளுக்காது. ஆனால் மகன்கள் ஒவ்வொருவரும் இனோவைச் சுமப்பார்கள். மாறாக, அல்பினோ ஆண் ஒன்றை நீலப் பெட்டையுடன் சேர்த்தால் மகள்கள் எல்லாம் வெள்ளை, மகன்கள் எல்லாம் நீலம். மூக்கின் மேலுள்ள மெழுகுப்பகுதி நிறம் மாறி ஆண் பெண் தெரிய மாதங்கள் ஆகும். இந்த ஜோடியிலோ பொரித்த அன்றே, மூடிய இமைத்தோலுக்கு உள்ளே கண் சிவப்பாகத் தெரிகிறதா கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்து, குறிப்பேட்டில் பெட்டை, ஆண் என்று எழுதிவிடலாம்.